தும்மினால் தண்ணி குடி

எங்கள் ஆலந்தலையில், கரையில் கிடக்கிற மரத்தைத் தண்ணீரில் இறங்கவிடாமல் தடுக்க மூன்றுக்குத்தான் திராணி உண்டு: புயல் எச்சரிக்கை, ஞாயிற்றுக்கிழமை, ஒற்றைத் தும்மல். முதல் இரண்டையும் மீறிப் போய்ப் பாடு கொண்டுவந்தவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவதை மீறினவர் யாரும் என் நினைவில் இல்லை.

மரம் என்றால் கட்டுமரம். நான் சொல்வது 1960களின் கடைசி. பாட்டா பின்னிரவிலேயே எழுந்துவிடுவார். தோளில் துடுப்பு, கையில் கஞ்சிக் கலயமும் ஓலைப்பெட்டியும். வாசற்படியில் கால் வைக்கிற நேரம் பார்த்து உள்ளேயிருந்து யாராவது 'ஹச்' என்றால் போதும், வைத்த கால் திரும்பி வரும். துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டுத் திண்ணையில் உட்காருவார். ஆச்சி செம்பில் தண்ணீர் கொண்டுவருவாள். மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டு, "சேசுவே" என்று எழுந்து, அன்றைக்கு முதன்முதலாகப் புறப்படுகிறவரின் முகத்தோடு மறுபடியும் புறப்படுவார். முன்னே புறப்பட்டது கணக்கில் சேராது. வாசலுக்கு வெளியே காத்து நின்றவன் சாத்தானோ காலனோ, பழைய புறப்பாட்டுக்கு ஆள் வருமென்று நின்று நின்று ஏமாந்து போயிருப்பான் என்பது ஏற்பாடு.

இரட்டைத் தும்மல் என்றால் இந்தச் சிரமம் எதுவும் இல்லை. இரண்டாவது வந்து முதலாவதை அடித்துவிடும், தாராளமாகப் போகலாம். ஆகவே ஒற்றையாகத் தும்மித் தொலைத்தவருக்கு அடுத்ததையும் வரவழைக்கிற கடமை இருந்தது. எங்கள் ஆச்சி பொடி போடுகிற ஆள் அல்ல. ஆனாலும் அவள் இடுப்புச் சுருக்குப்பையில் ஒரு பொடிமட்டை எப்போதும் இருக்கும். வீட்டில் யாராவது அகாலத்தில் தும்மினால் மட்டையைப் பிரித்து ஒரு சிட்டிகையை மூக்கருகே நீட்டி, "இன்னொண்ணு போடுய்யா, பாட்டா நிக்கா" என்பாள். நமக்கு ஒன்றுக்கு ஏழாக வரும். ஏழு ஒற்றைப்படையா என்று பாட்டா எண்ணிப் பார்க்கமாட்டார். இரண்டைத் தாண்டினால் ஜலதோஷம் என்பது கரையில் எல்லாரும் ஒத்துக்கொண்ட சட்டம்.

இதே தும்மலை மடியில் கிடக்கிற கைக்குழந்தை தும்மினால் கதை வேறு. "சேசு மரி சூசை" என்று ஒரு வாய், "நூறாயுசு" என்று இன்னொரு வாய். வாசலில் வந்தால் சாவுக்கு முன்னோடி, மடியில் வந்தால் நூறு வயது. இந்த முரண்பாட்டை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்த ஒரே ஆள் உபதேசியார்.

உபதேசியார் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர். பத்துக் கட்டளையில் முதல் கட்டளைக்கு வந்ததும் அவர் குரல் ஏறிவிடும். சகுனம் பார்ப்பது, நாள் பார்ப்பது, குறி கேட்பது, பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பது எல்லாம் பாவம். "தும்மலுக்கு நிக்கிறது?" என்று ஒரு பயல் கேட்டான். "அதுவுந்தான்ல!" என்றவர், தும்மினவரை ஆசீர்வதிப்பது மட்டும் பாவம் இல்லை, அதற்கு வேறு வரலாறு இருக்கிறது என்று ஒரு கதை சொன்னார். 590-ஆம் ஆண்டு ரோமாபுரியில் கொள்ளைநோய். பாப்பரசர் இரண்டாம் பெலாஜியுவே அதில் செத்துப்போனார். அடுத்து வந்த பெரிய கிரகோரியார் தெருத்தெருவாகப் பவனி நடத்தி மன்றாடினார். தும்மினவன் தும்மின கையோடு விழுந்து செத்தான். ஆகவே யார் தும்மினாலும் 'ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக' என்று சொல்லும்படி அவர் கட்டளையிட்டார். எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்கு முழுதும் வகுப்பில் ஒருத்தனும் தும்மவில்லை.

பாதிக் கதை சரித்திரம். கொள்ளைநோயும் பவனியும் உண்மை. தும்மல் பங்கு பின்னால் வந்து சேர்ந்தது. கிரகோரியார் பிறப்பதற்கு நானூறு ஆண்டுக்குமேல் முந்தியே, முதல் நூற்றாண்டில், பிளினி என்ற ரோமானியர் 'தும்மினவரை நாம் ஏன் வாழ்த்துகிறோம்?' என்று தம் புத்தகத்தில் கேட்டு வைத்திருக்கிறார். சிடுமூஞ்சி என்று பேர் வாங்கின திபேரியு பேரரசன்கூட, வண்டியில் போகும்போது தான் தும்மினால் மற்றவர்கள் வாழ்த்தியாக வேண்டும் என்று எதிர்பார்த்தானாம். அதற்கும் முன்னால், கிறிஸ்துவுக்கு முன் 401-இல், பாரசீகத்தின் நடுவே மாட்டிக்கொண்ட பத்தாயிரம் கிரேக்கச் சிப்பாய்களுக்கு செனபோன் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒருவன் தும்மினான். பத்தாயிரம் பேரும் சேர்ந்து சாமியைக் கும்பிட்டார்கள், பேச்சு பலிக்கும் என்று. அதாவது நம் வீட்டில் பேச்சுக்கு நடுவே பல்லி செய்கிற வேலையை அங்கே சிப்பாயின் மூக்கு செய்திருக்கிறது. உபதேசியாருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார். ஏழு வயதுப் பயல்களைப் பயமுறுத்தப் பிளினி போதாது.

பாவம் என்று தெரிந்தபின் ஆச்சி என்ன செய்தாள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. தவசு காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். தும்மலைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். அடுத்த நாள் காலையில் தும்மல் கேட்டதும் செம்பு வழக்கம்போல வாசலுக்கு வரும். "ஏன் ஆச்சி, சகுனம் பாக்கிறது பாவம்லா?" என்று நான் கேட்டால், "யாருய்யா சகுனம் பாத்தா? மனுசனுக்குத் தாகம் எடுத்துச்சு, தண்ணி குடிக்காரு" என்பாள். எந்தச் சாமியாரும் தாகத்தைப் பாவம் என்று எழுத முடியாது. அச்சத்தை உபசாரமாக்கிவிட்டால் அது எந்தப் பாவப்பட்டியலிலும் அகப்படாது என்கிற ரகசியம் எழுத்து வாசனை இல்லாத அந்தக் கிழவிக்குத் தெரிந்திருந்தது.

இந்த வித்தை அவள் கண்டுபிடித்ததும் அல்ல. கரைக்கே அது பழக்கம். எங்கள் கரைப் பரதவர் 1530களில் ஞானஸ்நானம் வாங்கினார்கள். 1542-இல் சவேரியார் வந்து இறங்கினார். 1544-இல் அவர் தம் கூட்டாளி மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது. ஊர்க்காரனுக்கு இந்தப் பெருமை போதும், அதற்குமேல் நான் நீட்டவில்லை. அவருக்குப் பின்னால் புன்னைக்காயலில் இருந்த அண்டிரிக் அடிகளார் தமிழிலேயே பாவசங்கீர்த்தனக் கையேடு ஒன்றை அச்சிட்டார், 1580-இல். தமிழ் அச்சு பிறந்து இரண்டு மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் எங்கள் பாவங்கள் அச்சேறிவிட்டன. ஆக நானூறு ஆண்டு ஓயாமல் சொல்லியும் தும்மல் போகவில்லை. சொன்னவர்களும் சும்மா இருக்கவில்லையே! ஸ்பெயினில் இன்றைக்கும் ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவர் 'ஹேசூஸ்' என்பார். போர்த்துகலில் 'சந்தீன்யு', சின்னப் புனிதரே, என்பார்கள். அந்தத் தேசத்திலிருந்து கப்பலேறி வந்த சாமியார் பிரசங்கத்தின் நடுவே ஒரு தும்மல் போட்டிருந்தால் கூட வந்தவர் வாய் சும்மாவா இருந்திருக்கும்? அவருடையது பக்தி, எங்களுடையது சகுனம். எங்கே கோடு கிழிப்பது என்று ஆச்சிக்குப் புரியாமல் போனதில் வியப்பில்லை.

முத்துக்குளிப்பிலும் இதே கூத்துதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, குளிக்கப் போகிறவர்கள் சுறாவின் வாயைக் கட்டுகிற மந்திரக்காரருக்குக் கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு கொடுத்ததை எழுதியிருக்கிறார். கட்டு பகலுக்கு மட்டும். இருட்டினதும் அவிழ்த்துவிடுவார்களாம், ராத்திரித் திருடன் இறங்கிவிடக்கூடாது என்று. இவருக்குக் கடல்கட்டி என்று பேர். பிற்காலத்தில் அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. ஐந்தரை நூற்றாண்டு கழித்து, இலங்கையில் ஆங்கிலேய அரசின் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதுகிறார்: கடல்கட்டி இல்லாமல் ஒருத்தனும் இறங்கமாட்டான், இப்போது இருக்கிற கடல்கட்டியோ ரோமன் கத்தோலிக்கர்! அதனால் மந்திரத்தின் வேகம் குறைந்ததாக யாரும் புகார் செய்யவில்லை. வெள்ளைக்காரன் சம்பளப் பட்டியலில் ஏறின மந்திரம், ஞானஸ்நானப் பேர் வைத்த மந்திரவாதி, கழுத்தில் உத்தரியம் போட்ட குளியாள். மூன்று பேரும் மறுப்புச் சொல்லாமல் சேர்ந்து முத்தெடுத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பழையவர்கள் பக்கம் பேசியாக வேண்டும். காலையில் தும்மினவனை முத்துக் குளிக்க இறக்காதே என்று அவர்கள் சொன்னது வெறும் பயமாக இருக்க நியாயம் இல்லை. ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்குக் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு, மூக்கைக் கையால் பொத்தி ஒரே மூச்சில் இறங்குகிற தொழில் அது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். மூக்கடைப்பு உள்ளவனுக்குக் காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழாய் திறக்காது. செவிப்பறை வலியில் துடிக்கும், கிழியவும் செய்யும். தும்மல் அவனுக்கு மூக்கு எழுதி நீட்டுகிற மருத்துவச் சான்றிதழ். தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதோடு முத்து போயிற்று. மேலே மரத்தில் வலை வளைக்கிறவனுக்குச் செவிப்பறைக் கவலை கிடையாது. சகுனம் மட்டும் தொழில் மாறி வந்து ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டுக்குத் துணி கொண்டுவருகிற காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் இருந்தார். மூட்டையை அவிழ்த்தால் புதுத்துணிக் கஞ்சிமாவின் வாசம் எழும்பும், உடனே அவருக்குத் தும்மல் வரும். தும்மினதும் அவரே 'அல்ஹம்துலில்லாஹ்' என்று இறைவனைப் புகழ்வார். கூட வந்த பையன் 'யர்ஹமுகல்லாஹ்' என்பான், இறைவன் உங்கள்மேல் இரக்கம் காட்டட்டும் என்று. அதற்கு அவர் திரும்பவும் ஒரு துஆ சொல்வார். ஆச்சி தன் பங்குக்கு "சேசு மரி சூசை" என்பாள். ஒரு மனிதரின் மூக்கைச் சுற்றி இத்தனை பேர் வேலை செய்ததைப் பார்த்து எனக்குத் தும்ம ஆசையாக இருக்கும். அவர்கள் மார்க்கத்தில் தும்மல் இறைவனுக்குப் பிடித்தது, கொட்டாவிதான் பிடிக்காதது. மூன்று தும்மலுக்குமேல் வாழ்த்தவேண்டியதில்லை, ஆளுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நபிமொழியே சொல்லிவிட்டது. எங்கள் கரைச் சட்டம் இரண்டோடு நிற்கும், அவர்கள் சட்டம் மூன்றோடு. வியாபாரத்தில் அந்த ஒன்றுக்கு நடுவேதான் பேரம் நடக்கும் என்று பாட்டா சிரிப்பார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது புத்தர் பட்ட பாடு. பாலி மொழி விநயத்தில் இருக்கிறது. புத்தர் தர்மம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தும்மிவிட்டார். அத்தனை பிக்குகளும் 'வாழ்க பகவானே' என்று சத்தம் போட்டதில் போதனை நின்றுபோயிற்று. அவர் கேட்டார்: 'ஒருவன் தும்மும்போது நீங்கள் வாழ்க என்பதால் அவன் பிழைப்பானா, சொல்லாவிட்டால் சாவானா?' 'இல்லை, ஐயனே.' 'அப்படியானால் இனிமேல் சொல்லாதீர்கள்' என்று விதி போட்டுவிட்டார். உலகத்தில் இந்த விஷயத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் தர்க்கம் பேசியதில்லை. தர்க்கம் எத்தனை நாள் தாங்கும்? பிக்குகள் தும்மியபோது ஊர் ஜனங்கள் வாழ்த்தினார்கள். விதிக்குப் பயந்து பிக்குகள் பதில் பேசாமல் நின்றார்கள். 'இதென்ன, வாழ்த்தினால் பதில் வாழ்த்துச் சொல்லத் தெரியாத சாமியார்கள்!' என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். சங்கதி புத்தர் காதுக்குப் போயிற்று. 'இல்லறத்தார் மங்கலம் பார்க்கிறவர்கள். அவர்கள் வாழ்த்தினால் நீடு வாழ்க என்று பதில் சொல்லுங்கள்' என்று தளர்த்திவிட்டார். ஆசையை ஜெயித்தவர், மரணத்துக்கு அஞ்சாதவர், தும்மலில் தோற்றார். ஆச்சி இதைக் கேட்டிருந்தால் அவருக்கும் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்திருப்பாள்.

வள்ளுவர் இன்னும் கில்லாடி. அவர் இதைச் சாவோடு முடிச்சுப் போடவில்லை, சக்களத்தியோடு முடிச்சுப் போட்டார். புலவி நுணுக்கம் என்கிற அதிகாரத்தில் ஒருவன் தும்முகிறான். மனைவி முறைப்படி வாழ்த்துகிறாள். வாழ்த்தின வாய் மூடுவதற்குள், எவள் நினைத்ததால் உனக்குத் தும்மல் வந்தது என்று அழ ஆரம்பிக்கிறாள். அடுத்த குறளில் அவன் உஷாராகி வருகிற தும்மலை அடக்குகிறான். உம்மவர் உம்மை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். எங்கள் கரையில் கொழும்புக்கும் கொச்சிக்கும் தொழிலுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினவர்கள் வீட்டில் இந்த இலக்கியம் தினசரி நடக்கும். சாப்பிடும்போது புரையேறினால், "ஒங்க மாமா நினைக்காவ" என்று பெண்கள் தலையில் தட்டிக்கொள்வார்கள். தபால்காரர் வராத நாட்களில் புரையேறுவதும் தும்மல் வருவதும் அதிகமாகவே இருக்கும். அவர் அங்கே தும்மினாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அதுவரைக்கும் குடும்பம் பிழைத்தது.

இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவர்களுக்குத் தும்மல் விளையாட்டாக இல்லை.

ஒருவர் எங்கள் தாய்மாமா. காலைப் பூசை முடிந்து கோவிலின் அரையிருட்டிலிருந்து வெளியே வந்து வெயிலைப் பார்த்தால் தும்முவார். தவறாது. எங்கள் கரை கிழக்கே பார்த்தது; கரைவலைக்காரர்கள் வலை வளைக்கப் புறப்படுகிற நேரமும் சூரியன் கடலைவிட்டு எழும்புகிற நேரமும் ஒன்று. மாமா அங்கே வந்து நின்று கடலைப் பார்ப்பார், தும்முவார். வலை நிற்கும். ஒரு வாரம் பாடு சரியில்லை என்றால் பழி யார்மேல் விழும்? "மாமா, நீங்க வெயில் ஏறுனப்புறம் வாருங்களேன்" என்று முதலில் மரியாதையாகச் சொன்னார்கள். பிறகு சொல்லாமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் அவர் தூத்துக்குடியில் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதப் போய்விட்டார், கூரைக்குக் கீழே உட்காருகிற வேலை. இப்போது படிக்கிறேன்: வெளிச்சத்தைப் பார்த்தால் தும்முவது ஒரு நரம்புப் பழக்கம், ஐந்தில் ஒருவருக்கு, ஏன் மூன்றில் ஒருவருக்குக்கூட இது இருக்கலாம், பரம்பரையாக இறங்கும், தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அரிஸ்டாட்டில் பேரில் வழங்குகிற நூலிலேயே வெயிலுக்கும் தும்மலுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி இருக்கிறது. டாக்டர்கள் இதற்கு வைத்த பேரைச் சுருக்கினால் 'ஆச்சூ' என்று வரும், கேலி இல்லை. மாமாவின் மூத்த மகள் இப்போது கோயம்புத்தூரில். வெயிலில் இறங்கும்போதெல்லாம் தும்முவாள். கறுப்புக்கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

இன்னொருவர் சின்ன வயதிலேயே புருஷனைக் கடலில் இழந்த ஒரு சித்தி. எதிரே வந்தாலே ஆகாது என்று ஒதுங்கி நிற்கவேண்டிய ஜாதகம், தும்மினால் கேட்கவேண்டுமா? மரங்கள் புறப்படுகிற நேரத்தில் அவள் அடுக்களைக்குள் போய்விடுவாள். விறகுப் புகையில் தும்மல் வராமல் என்ன செய்யும்? மூக்கை இறுக்கிப் பிடித்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருப்பாள். கோவிலில் முதல் பெஞ்சில் மன்றாடுகிற எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. அவளாகப் பார்த்துச் செய்கிற மரியாதை என்று பாராட்டினார்கள். 2018-இல் இங்கிலாந்து லெஸ்டரில் முப்பத்துநாலு வயதுக்காரர் ஒருவர் மூக்கையும் வாயையும் பொத்தித் தும்மலை அடக்கப்போய்த் தொண்டைக்குள் கிழிந்து, குழாய் வழியாகச் சாப்பிட்டுப் பிழைத்ததை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சித்தி பல வருஷம் அடக்கினாள். எந்த இதழிலும் வரவில்லை.

பிறகு 2020 வந்தது.

மார்ச் மாதத்தில் யாருக்குப் போன் அடித்தாலும் எதிர்முனையில் மணிக்கு முன்னால் ஒரு இருமல் கேட்டது. அரசாங்கமே போட்ட சகுனம். ஆலந்தலையில் ஒருவர் டீக்கடைப் பெஞ்சில் தும்மினார், பெஞ்சு காலியானது. சேசு மரி சூசை இல்லை, நூறாயுசு இல்லை, தண்ணீர்ச் செம்பும் இல்லை. தும்மல் மேகம் ஏழெட்டு மீட்டர் போகும் என்று அமெரிக்காவில் லிடியா புருய்பா என்ற விஞ்ஞானி அந்த மாதமே எழுதினார். எங்கள் ஊர்த் தெருவின் அகலம் அதில் பாதிகூட இருக்காது. இத்தனை காலம் தும்மினவர் உயிருக்கு என்ன ஆகுமோ என்று வாழ்த்தினோம். இப்போது நம் உயிருக்கு என்ன ஆகுமோ என்று முறைத்தோம். முழங்கையில் தும்மு என்றார்கள். பாட்டா காலத்தில் சமாதானமாகாத காலன் முழங்கைக்கு அடங்குவானா என்று கேட்க எனக்கு ஆசைதான். அது நிஜமாகவே நோயைத் தடுக்கிற வழி என்பதால் வாயை மூடிக்கொண்டேன், முகக்கவசத்துக்குள்.

அந்தப் பயம் இரண்டே வருஷத்தில் மரியாதையாக மாறிவிட்டது. சென்னையில் என் மகள் வேலை பார்க்கிற இடத்தில் யாராவது தும்மினால் நாலு மேசையிலிருந்து 'பிளஸ் யூ' பறக்கும். தும்மினவர் 'தேங்க்யூ' என்றாக வேண்டும், சொல்லாவிட்டால் வளர்ப்பு சரியில்லை. பிக்குகளுக்கு நடந்தது இவர்களுக்கும் நடக்கிறது. கம்ப்யூட்டரில் கூட்டம் நடக்கும்போது தும்மல் வந்தால் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டுத் தும்முகிறாள். தும்மி முடித்தபின் 'சாரி' என்று மட்டும் சத்தத்தோடு சொல்கிறாள். எதற்கு 'சாரி' என்று அங்கே யாருக்கும் தெரியாது. சித்தி இருந்திருந்தால் அந்தப் பொத்தானை ஏக்கத்தோடு பார்த்திருப்பாள்.

ஊரில் இப்போது மரங்கள் இல்லை. ஃபைபர் படகு, வெளியே மாட்டின மோட்டார், ஜிபிஎஸ், மீன் கூட்டத்தைக் காட்டுகிற எக்கோ கருவி, போனில் காற்றும் அலையும் சொல்கிற செய்தி. கரை அரிப்புக்குத் தூண்டில் வளைவு. என் அண்ணன் மகனின் மகன் படகு வைத்திருக்கிறான், பி.எஸ்ஸி. படித்தவன். போன வருஷம் திருவிழாவுக்குப் போனபோது அவன் வீட்டில் தங்கினேன். அதிகாலையில் டீசல் கேனோடு வாசலில் இறங்கினான். உள்ளே தூசி தட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி ஒரே ஒரு தும்மல் போட்டாள். கேனைக் கீழே வைத்தான். திண்ணை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணியாகிவிட்டதால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். போனை எடுத்தான்.

"என்னய்யா?"

"காத்து எப்படியிருக்குன்னு ஒருக்கா பாத்துக்கிடுதேன், பாட்டா."

"இப்பத்தான பாத்த?"

"அப்டேட் ஆயிருக்கும்லா" என்றவன், பக்கத்திலிருந்த பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தான். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுப் போனான். திரையை அவன் மேலே தள்ளிப் பார்க்கக்கூட இல்லை. ஆச்சியின் தாகம் மூன்று தலைமுறை தாண்டி நல்ல சிக்னலோடு வந்து சேர்ந்திருக்கிறது.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவனைவிடப் பெரிய கருவி வைத்திருப்பவர்களும் இப்படித்தான். தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இஸ்ரோக்காரர்கள் ராக்கெட் விடுவதற்கு முன்னால் அதன் பொம்மையைத் திருப்பதிப் பெருமாள் பாதத்தில் வைத்து எடுத்துவருவது ஊரறிந்தது. பி.எஸ்.எல்.வி. வரிசையில் சி12 போயிற்று, அடுத்தது சி14 போயிற்று. பதின்மூன்று என்ற எண்ணை நடுவே காணோம். அமெரிக்காவிலும் 1964-இல் ரேஞ்சர் ஏழாவது கலம் ஒழுங்காகப் போன அன்றைக்கு யாரோ வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார்கள் என்று இன்றுவரை ஏவும் நாளில் கடலை கொறிக்கிறார்கள். அதற்கு முந்தின ஆறும் கவிழ்ந்தவை.

இதையெல்லாம் அன்று மத்தியானம் படகு திரும்பினபின் அவனிடம் சொன்னேன். பாடு சுமார்தான். வலையைத் தட்டிக்கொண்டே கேட்டான்.

"இங்க ராக்கெட் விடுத அன்னைக்கு நம்மளக் கடலுக்குப் போவக் கூடாதுன்னு நிறுத்திருவாங்க, தெரியும்லா பாட்டா?"

"ஸ்ரீஹரிகோட்டாவுல அப்படித்தான் செய்யுதாங்க. அது சரி, எண்ணிக்கிட்டு இருக்கையில அங்க ஒருத்தன் ஒத்தத் தும்மல் போட்டுட்டா?"

"அப்ப ராக்கெட்டு நிக்கும்" என்றான். "நாங்க போயிருவோம்."